சூட்டு வலியா, பிரசவ வலியா? எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்?

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வயிறு லேசாக இறுகினாலே வீடு பரபரப்பாகிவிடும். “சூட்டு வலியா இருக்கும்மா, சீரகத் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் படு” என்பார் அம்மா. “எதுக்கு ரிஸ்க், வண்டியைச் சொல்லிடலாம்” என்பார் கணவர். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசி வாரங்களில் கருப்பை அவ்வப்போது இறுகித் தளர்வது இயல்பு. இதைத்தான் சூட்டு வலி என்கிறோம். இதற்கு ஒழுங்கான இடைவெளி கிடையாது. பெரும்பாலும் முன்வயிற்றில் மட்டும் தெரியும். கொஞ்சம் நடந்தால், ஒருக்களித்துப் படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். சீரகத் தண்ணீர் கேட்பதற்கும் காரணம் இதுதான். உடம்பில் நீர் குறைந்தாலும் வயிறு இறுகும். விளக்கெண்ணெய் கொடுத்து வலியை வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கில் கர்ப்பிணி சோர்ந்துபோவதுதான் மிச்சம்.

பிரசவ வலி அப்படி அடங்காது. பலருக்கு இடுப்பின் பின்பக்கம் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வலி கூடும். செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் குழப்பம் தீரும். முதல் பிரசவம் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஏறக்குறைய ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் கிளம்பிவிடலாம். இரண்டாவது பிரசவம் வேகமாக நடக்கும். அதுவரை காத்திருக்கக் கூடாது. மலைக் கிராமத்திலோ ஆஸ்பத்திரிக்கு வெகுதூரத்திலோ இருப்பவர்களும் அப்படித்தான்.

சில அறிகுறிகள் வந்தால் கடிகாரம் பார்க்கவே வேண்டாம். பனிக்குடம் உடைந்து நீர் வந்தால், வலியே இல்லாவிட்டாலும் புறப்பட வேண்டும். அந்த நீர் பச்சை நிறமாக இருந்தால் இன்னும் அவசரம். மாதவிடாய் போல ரத்தம் போவது, குழந்தையின் அசைவு குறைவது, கடும் தலைவலியோடு கண் மங்குவது, 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வலி வருவது ஆகியவையும் இந்த வகைதான். சளி போன்ற கசிவில் லேசாக ரத்தக்கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். பிரசவம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, “இன்னும் டைம் இருக்கும்மா, போயிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை திரும்பி வந்த கூச்சத்தில் அடுத்த முறை வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து.

கருப்பை வாய் 10 செ.மீ. திறக்க வேண்டும். முதல் சில சென்டிமீட்டருக்குத்தான் நேரம் இழுக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல்படி, 5 செ.மீ. திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குகிறது. அதிலிருந்து முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். மணிக்கு 1 செ.மீ. திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை அந்த வழிகாட்டுதல் ஏற்கவில்லை. ஆகவே, “பக்கத்து பெட் பொண்ணுக்குப் பிறந்துடுச்சே” என்று ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். சிக்கல் இல்லாத கர்ப்பிணி நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், விரும்பிய ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் எனிமா கொடுப்பதும் ரோமம் மழிப்பதும் தேவையில்லை என்பதும் அதே வழிகாட்டுதல்தான். துணைக்கு யார் இருக்கலாம் என்பதை எட்டாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வலி வந்த பிறகு வாசலில் நின்று வாதாட முடியாது.

குழந்தை பிறந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. நஞ்சுக்கொடி வெளியேற வேண்டும். ரத்தப்போக்கைத் தடுக்க ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்துவிட வேண்டும்.

பையை 36-வது வாரத்திலேயே தயார் செய்துவிடலாம். தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், வங்கி பாஸ்புக், முன்பக்கம் திறக்கும் நைட்டி, நாப்கின், துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டித் துணி, போன் சார்ஜர் போதும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பரும் இருக்கட்டும். நள்ளிரவில் வலி எடுத்தால் 108 ஆம்புலன்ஸ் இலவசம். அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் உட்பட பிரசவத்துக்கும் மருந்துக்கும், தாயும் சேயும் வீடு திரும்பும் வண்டிக்கும் பணம் கட்டத் தேவையில்லை.