தெரிந்தும் நா எழவில்லையே!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு, பல்கலைக்கழகமும் கிடைத்துவிட்டது. ஆனால் விரிவுரை மண்டபத்தில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தால் உள்ளங்கை வியர்க்கிறது. தெரிந்த விடையும் தொண்டையோடு நின்றுவிடுகிறது.

பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். வள்ளத்தில் ஆள் ஏற்றும் பொடியன்மார் வெள்ளைக்காரரோடு கூசாமல் பேசுகிறார்கள். இறந்தகாலமும் இல்லை, எதிர்காலமும் இல்லை. கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது, வள்ளத்தில் ஏறுகிறார். அங்கிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில்தான் வந்தாறுமூலை. 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான இடம். அங்கே இலக்கணம் கற்ற பிள்ளை வாய்மூடி இருக்கிறது. இது என்ன விந்தை?

பொடியனின் பிழையைக் கேட்டவர் நாளை தம் நாட்டுக்குப் போய்விடுவார். மாணவனின் பிழையைக் கேட்டவர்களோ மூன்று, நான்கு வருடம் கூடவே இருப்பவர்கள்.

1986இல் அமெரிக்காவில் எலைன் ஹோர்விட்ஸ் என்ற பெண்மணியும் வேறு இருவரும் இந்த அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். பேசக் கூச்சம், பரீட்சைப் பயம், பிறர் குறைவாக எண்ணுவார்களோ என்ற பயம் என்று மூன்றைச் சொன்னார்கள். நம் பிள்ளைகளைத் தின்பது மூன்றாவதுதான் என்பேன். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தெரியாதவனை வெட்டும் வாள்! நம்மிடமோ பிழையாகப் பேசினால் சிரிப்பு. சரியாகப் பேசினால் “பெரிய ஆள் வந்துட்டார்” என்ற பரிகாசம்.

நானும் இதில் அடிபட்டவன்தான். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் நஹ்வும் ஸர்பும் ஓதியவன். ஒருநாள் அரபு நாட்டு விருந்தாளி ஒருவர் வந்தார். ஸலாத்துக்கு மேல் எனக்கு நா எழவில்லை. பின்னால் ஒரு தோழன் சிரித்தான். அந்த ஒரு சிரிப்புக்காக இரண்டு வருடம் அரபியில் வாய் திறக்கவில்லை நான். பிறகு, சவூதியில் லொறி ஓட்டித் திரும்பிய மச்சான் ஒருவர்தான் திண்ணையில் இருத்தி என்னோடு அரபியில் பேசிக்கொண்டே இருந்தார். இஃராப் என்றால் என்னவென்றே அறியாதவர். என் நாவை அவிழ்த்தவர் அவர்தான்.

மூஸா நபி (அலை) அவர்களே தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் கேட்டதோடு, தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களையும் துணைக்குக் கேட்டார்கள் அல்லவா?

ஆசிரியர்களே, ஐம்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்துமுன் இருவர் இருவராகப் பேச விடுங்கள். பெற்றோரே, விடுமுறைக்கு வந்த மகள் தம்பியோடு ஆங்கிலத்தில் தடுமாறிப் பேசினால், மூத்தவன் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.