வாகனத்துக்கும் மூச்சு முட்டும்

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குப் போகப் பாதைக்காகக் காத்து நின்றோம். இன்று வானொன்றை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் விதவைச் சகோதரிகளும் நம்மிடையே உண்டு. அந்த வான் கராச்சில் கிடந்தால் வீட்டில் அடுப்பெரியாது.

சகோதரிகளே, வாகனமும் மூச்சு விடுகிறது. உள்ளே போகும் காற்றை எயார் பில்டர் வடிகட்டுகிறது. பெற்றோல் இன்ஜெக்சன் வாகனங்கள் பலவற்றில் அதையடுத்து ஒரு சென்சர் இருக்கும். அதிலுள்ள மெல்லிய கம்பி மின்சாரத்தால் சூடாக்கப்படுகிறது. காற்று பட்டுக் கம்பி குளிரும் அளவைக் கொண்டு கம்பியூட்டர் காற்றைக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பெற்றோலை விடுகிறது.

கச்சான் காற்றில் பறக்கும் புழுதி பில்டரை அடைத்தால் இழுவை குறையும். பில்டர் கிழிந்தாலோ சரியாகப் பொருந்தாவிட்டாலோ புழுதி கம்பியில் படியும், கணக்குப் பிழைக்கும். எஞ்சின் நடுங்கும், மிதித்தால் தயங்கும், எச்சரிக்கை விளக்கு எரியும்.

"சென்சரை மாற்றவேண்டும்" என்று கராச்சில் சொன்னால் உடனே காசை எண்ணிக் கொடுக்காதீர்கள். முதலில் பில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். காற்றுக் குழாயில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். சென்சரை அதற்கென்றே விற்கப்படும் திரவத்தால் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். துணியாலோ விரலாலோ கம்பியைத் தொடக்கூடாது, அறுந்துவிடும். இவ்வளவும் செய்தும் பிழை தீராவிட்டால், கம்பியூட்டரில் சோதித்த பிறகே புதியது வாங்குங்கள்.

பில்டர் மாற்றிய திகதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள். வானை ஓட்டுபவர் யாராயிருந்தாலும், கேள்வி கேட்கும் உரிமை உங்களுடையது.