வேலைக்கு வருகிறவர் யாராயினும்

காஞ்சிபுரம் ஜில்லாவில் வேலை தேடி நிற்பவர்கள் பல பாஷையினர், பல சமூகத்தினர். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளை நாடிப் பீகார், ஒடிசா, அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒருபுறம். தலைமுறைகளாய் இந்த மண்ணிலேயே ஜீவித்தும் அயலாராகவே நடத்தப்படும் இருளர்கள் மறுபுறம். இந்த ஜில்லாவின் ராஜகுளத்திலோ அதன் சுற்றுப்புறத்திலோ சூளையோ ஆலையோ கட்டட வேலையோ நடத்துகிற எவரும், இவர்களைப் பணியில் அமர்த்துமுன் அவர்களுக்குள்ள உரிமைகளை அறிந்திருத்தல் அவசியம்.

நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் தொழில் செய்யவும் பிரஜைகள் அனைவருக்கும் சுதந்திரமுண்டென்று அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. கட்டாய உழைப்பை 23-ஆவது பிரிவு தடுக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு அளிக்கும் 16-ஆவது பிரிவு அரசாங்க உத்தியோகங்களைப் பற்றியதே. ஆதலால் தனியார் தொழிலில் பாஷை, ஜாதி, மதம் பாராமல் ஆளெடுப்பது பெரிதும் முதலாளியின் நியாய புத்தியையே பொறுத்து நிற்கிறது.

அந்தப் புத்தி தவறும் இடத்தில் விளையும் கேடு சிறிதன்று. சிறு தொகை முன்பணமாகப் பெற்றதற்காக மரம் வெட்டும் வேலையில் குடும்பத்தோடு சிறைப்பட்டிருந்த இருளர் சமூகத்தவர் உள்ளிட்ட 42 பேரை, காஞ்சிபுரம், வேலூர் ஜில்லாக்களில் 2019 ஜூலையில் அதிகாரிகள் விடுவித்தனர். தமிழ் அறியாத வெளிமாநிலத்தவருக்கோ, பேசிய கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்லே கணக்கு. வெளிமாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்யான காணொளிகள் பரவியபோது அவர்கள் அடைந்த பீதி, நம்மிடையே அவர்கள் எவ்வளவு தனித்து வாழ்கிறார்கள் என்பதைக் காட்டியது.

பரிகாரம் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் (1976) ஆளை வேலையில் சிறைப்படுத்தும் முன்பணக் கடனை அடியோடு ரத்துச் செய்வதால், முன்பணத்தைத் திருப்பித் தந்தால்தான் வெளியேறலாம் என்று எவரும் நிர்ப்பந்திக்க இயலாது. கலெக்டரிடமோ சப்-கலெக்டரிடமோ முறையிடலாம். மீட்கப்பட்டவர்க்கு உடனடி உதவியாக ரூ.30,000 வரை அளிக்கும் திட்டமும் உண்டு. கூலி பாக்கிக்குத் தொழிலாளர் துறையை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சமூகத்தார், பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும், கட்டாய உழைப்பில் சிக்கியவருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதற்கான தொலைபேசி எண் 15100. சொந்த மாநில ரேஷன் அட்டையைக் கொண்டு இங்கேயும் தானியம் பெறலாம்.

இதே ஜில்லாவின் உத்திரமேரூர்ச் சபையார், பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 921-இல், தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டி ஊரறிய நிறுத்தினார்கள். நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அவ்விதிகள் இடமளித்தன என்பது மெய்யே ஆயினும், விதி யாவரும் காண இருக்கவேண்டும் என்ற கொள்கை இன்றும் நமக்குப் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அக்கடிதத்தைத் தொழிலாளி படித்தறியும் பாஷையில் எழுதி, எழுத்தறியாதவர்க்கு வாசித்துக் காட்டி, ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று அதில் உறுதி கூறுவதே, இங்கே தொழில் நடத்துவோர் செய்யத்தக்க முதற் கடமை.