உங்களுக்குத் தெரியுமா? பீரங்கிக் குண்டு அளந்த துறைமுகம்

கடலூர்த் துறைமுகத்தின் தலைவிதியை எழுதியது, கடலே இல்லாத செஞ்சி! 1690-இல் முகலாயப் படை நெருங்கிய வேளையில், செஞ்சிக் கோட்டையிலிருந்த மராத்திய மன்னர் சிவாஜியின் மகன் இராஜாராம், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரையுள்ள நிலமும் கம்பெனிக்கே என்பது பேச்சு. விடுவார்களா? சென்னையிலிருந்தே பெரிய பீரங்கியைத் தருவித்துச் சுற்றிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் அக்கம்பக்கத்து ஊர்களும் எல்லைக்குள் சிக்கின. அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர். ஏரும் தறியுமாகப் பிழைத்த மக்களின் மண்ணை வெடிமருந்து அளந்தது கொடுமைதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இந்தக் கோட்டைக்கே மாறியது. 1752 வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள்.