கட்டத்துக்குள் ஒளியும் சம்பளம்!

நளன் கதை தெரியாதவர் உண்டா?

நாட்டை இழந்தான், நளன். காட்டில் கார்க்கோடகன் என்ற பாம்பு கடித்தது. அவன் உருவமே மாறிவிட்டது. வாகுகன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அயோத்தி மன்னனிடம் தேரோட்டியாகச் சேர்ந்தான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. தமயந்தி மட்டும் விடவில்லை. அவன் சமைத்ததை வாங்கி வரச் செய்து, ருசி பார்த்தாள். நளனின் கைப்பக்குவம் என்று கண்டுகொண்டாள்!

அந்த நளனுக்குச் சனி விலகிய ஊர் திருநள்ளாறு என்பது ஐதீகம். நள தீர்த்தத்தில் முழுகச் சனிக்கிழமைதோறும் கூட்டம் வருகிறது. சனிப் பெயர்ச்சி என்றால் கேட்கவே வேண்டாம்.

கூட்டம் வரும் ஊரில் தங்கும் விடுதி இருக்கும். விடுதி இருந்தால் கணக்கு இருக்கும். முன்பு பேரேடு. இப்போது கம்ப்யூட்டரில் எக்செல்.

பேரேட்டைப் பட்டென்று மூடிவிடலாம். திரையை எப்படி மூடுவது? அறை கேட்டு வருகிறவர்கள் மேசைமேல் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். வேலைக்காரர்களின் சம்பளம், தங்கியிருக்கும் பெண்களின் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும்.

மூன்று அரைப்புள்ளி

இதற்கு ஒரு வழி உண்டு. மறைக்க வேண்டிய கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையையும் 1-ஐயும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு பெட்டி திறக்கும். அதில் 'நம்பர்' பகுதியில் 'கஸ்டம்' என்பதைத் தொட்டு, மூன்று அரைப்புள்ளிகளை (;;;) அடிக்க வேண்டும். அவ்வளவுதான். கட்டம் வெறுமையாகிவிடும்! ஆனால் எண் உள்ளேயே இருக்கும். கூட்டல் தொகையும் சரியாக வரும்.

எழுத்தை வெள்ளை நிறமாக்குவோரும் உண்டு. கட்டத்தின் நிறத்தை மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்தியையே மறைத்தால், 'பி'க்குப் பிறகு 'டி' என்று தலைப்பு தாவும். மறைத்ததை அதுவே சொல்லிவிடும்.

அரைப்புள்ளியிலும் ஓட்டை உண்டு. வெற்றுக் கட்டத்தைத் தொட்டால், மேலே உள்ள நீளப் பட்டையில் எண் தெரியும்! அதையும் மறைக்க, அதே பெட்டியில் 'புரொடெக்ஷன்' பகுதிக்குப் போய் 'ஹிடன்' என்பதைக் குறிக்க வேண்டும். பிறகு 'ரிவ்யூ' பகுதியில் 'புரொடெக்ட் ஷீட்' போட வேண்டும்.

இத்தனையும் எட்டிப் பார்ப்பவருக்குத்தான். கோப்பே ஒருவர் கைக்குப் போய்விட்டால்? அவர் தமயந்தி ஆகிவிடுவார். கட்டங்களை நகல் எடுத்து, வேறு தாளில் வெறும் எண்களாக ஒட்டினால் போதும். சம்பளம் பளிச்சென்று தெரியும்.

9,483 பேர்

வட அயர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள்! அங்கே பல போலீஸ்காரர்கள் தங்கள் வேலையை நண்பர்களிடம்கூடச் சொல்வதில்லை. தீவிரவாதிகளிடம் அவ்வளவு பயம். 2023 பிப்ரவரியில்தான் ஓமா என்ற ஊரில் ஓர் அதிகாரி சுடப்பட்டிருந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், தகவல் அறியும் சட்டப்படி ஒருவர் கேள்வி கேட்டார். எந்தப் பதவியில் எத்தனை பேர் என்பதே கேள்வி. போலீஸ் துறை எக்செல் கோப்பில் பதில் தந்தது. கண்ணுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டுமே. ஆனால் அதே கோப்பில் இன்னொரு தாள் மறைந்திருந்தது! அதில் 9,483 பேரின் பெயர், பதவி, வேலை செய்யும் இடம் எல்லாம் இருந்தன. கோப்பு இணையத்தில் வெளியாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. 2024-ல் அந்தத் துறைக்கு 7,50,000 பவுன் அபராதம்! வீடு மாறியவர்களும், தூக்கம் இழந்தவர்களும் பட்ட பாடு தனி.

ஆகவே, விடுதிக் கணக்கை வெளியே அனுப்பும்போது மறைப்பு வேலை உதவாது. கேட்டதை மட்டும் நகல் எடுத்து, புதிய கோப்பில் ஒட்டி அனுப்ப வேண்டும். சம்பளக் கணக்கைத் தனிக் கோப்பாக்கி, அதைத் திறக்கவே கடவுச்சொல் வைக்கலாம். 'ஃபைல்', 'இன்ஃபோ' என்று போனால் அந்த வசதி இருக்கிறது. தாளுக்குப் போடும் பூட்டு வேறு, இது வேறு. இதுதான் கெட்டி.

மேசையில் எட்டிப் பார்ப்பவர்களுக்கு? திரையின் முதுகு அவர்கள் பக்கம் இருக்கும்படி மேசையைத் திருப்பிப் போட்டால், அரைப்புள்ளிகூட வேண்டாம்.