வடசென்னையும் ஒரு வாகைப் பருவமும்

நுழையும்முன்

ஓர் ஆட்டத்தின் வெற்றியை ஒரு நொடி தீர்மானித்துவிடலாம். ஒரு பருவத்தின் வெற்றியைப் பல மாத உழைப்பே தீர்மானிக்கிறது. 2017 நவம்பரில் தோல்வியோடு தொடங்கி, 2018 மார்ச்சில் கோப்பையோடு நிறைவடைந்த ஒரு கால்பந்துப் பருவத்தையும், அப்பருவத்தில் வடசென்னை வீரர் ஒருவர் ஆற்றிய பணியையும் இப்பாடம் விளக்குகிறது.

உழைப்போர் நிலம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடலோரப் பகுதி இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் ஆகியவற்றைக் கடந்து எண்ணூர் வரை நீள்கிறது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகக் கிடங்குகள், மீன்பிடித் துறைமுகம், வாகனத் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையம், மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எனத் தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்குத் தோள் கொடுத்த நிலம் இது. கடற்கரையிலிருந்து சற்று மேற்கே, இருப்புப் பாதைகளுக்கு அப்பால், வியாசர்பாடியும் பெரம்பூரும் அமைந்துள்ளன. நூற்றாண்டுக்கு மேல் இயங்கி 1990களில் மூடப்பட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும், 1955இல் தொடங்கப்பட்ட இரயில்பெட்டித் தொழிற்சாலையும் இப்பகுதி மக்களின் வாழ்வோடு பிணைந்தவை.

இத்தகைய உழைப்பாளர் குடியிருப்புகளில் கால்பந்து வேரூன்றியதில் வியப்பில்லை. மட்டையும் காப்புக் கவசமும் வேண்டாத விளையாட்டு அது. ஒரு பந்தும் சிறிது வெற்றிடமும் இருந்தால் இருபது பேர் ஆடலாம். வேலை முடித்து வந்தவரும் பள்ளி முடித்து வந்தவரும் ஒரே மண்ணில் இணைந்து ஆடலாம். வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று கால்பந்து ஆர்வலர்கள் அழைக்கும் அளவுக்கு இவ்விளையாட்டு அங்கே செழித்தது. குடிசைப் பகுதிச் சிறுவர் சிறுமியர்க்குக் கால்பந்துப் பயிற்சியோடு கல்வியும் அளிக்கும் தொண்டமைப்பு ஒன்றும் 2000ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகிறது.

ஆயினும், விளையாட்டை வாழ்வாதாரமாகக் கொள்வது எளிதன்று. நெடுங்காலமாக இரயில்வே, துறைமுகம், சுங்கத்துறை, வங்கிகள் போன்ற நிறுவனங்களின் அணிகளே சென்னைக் கால்பந்து வீரர்களின் இலக்காக இருந்தன. விளையாட்டு வீரர்க்கான ஒதுக்கீட்டில் கிடைக்கும் நிலையான வேலை ஒரு குடும்பத்தையே நிமிரச் செய்யும். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பட்டபின் மற்றொரு வழியும் திறந்தது. ஆடுவதையே தொழிலாகக் கொண்டு, ஒப்பந்த அடிப்படையில் ஊதியம் பெறும் வாய்ப்பு அது. அதில் வருவாய் மிகுதி, உறுதியோ குறைவு. ஒவ்வொரு பருவத்திலும் வீரர் தம் தகுதியை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டும்.

பருவம் என்பது யாது?

தொழில்முறை விளையாட்டில், தொடக்க ஆட்டம் முதல் வாகையரைத் தீர்மானிக்கும் நாள்வரை உள்ள காலம் ‘பருவம்’ எனப்படுகிறது. உழவர்க்கு விதைப்பும் அறுவடையும்போல வீரர்க்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. இடையில் உள்ளதே நீண்ட காலம்.

பருவத்தின் அமைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்துத் தொடரில் 20 அணிகள் தலா 38 ஆட்டங்கள் ஆடுகின்றன. பட்டியலில் முதலிடம் பெறும் அணியே வாகையர். தனியே இறுதியாட்டம் இல்லை. அமெரிக்காவின் பேஸ்பால் தொடரில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடியபின், முன்னிலை பெற்ற அணிகள் தமக்குள் மோதி வாகையரைத் தீர்மானிக்கின்றன. இந்தியன் சூப்பர் லீக் பின்பற்றியது இவ்விரண்டாம் முறையை ஒத்ததாகும்.

2017-18 பருவத்தில் 10 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் ஏனைய ஒன்பது அணிகளையும் சொந்த ஊரில் ஒருமுறையும் எதிரணியின் ஊரில் ஒருமுறையுமாக எதிர்கொண்டது. இவ்வாறு ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளிகள். சமனுக்கு 1 புள்ளி. தோல்விக்குப் புள்ளி இல்லை. முதல் நான்கு இடங்களைப் பெற்ற அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். அரையிறுதி இரு ஆட்டங்களாக நடைபெறும், இறுதியாட்டமோ ஒன்றே. ஆகவே, வாகை சூட விரும்பும் அணிக்கு இருவகைத் திறன் வேண்டும். பதினெட்டு ஆட்டங்களிலும் தளராத பொறுமை ஒன்று. ஒரே நாளில் முழு ஆற்றலையும் திரட்டும் துணிவு மற்றொன்று.

தெரிந்து தெளிவோம்

சென்னை அணியின் பெயர் ‘சென்னையின் எஃப்.சி.’ என்பதாகும். ‘சென்னையின்’ என்னும் சொல், ‘இன்’ சாரியை பெற்று ஆறாம் வேற்றுமைப் பொருளில் நிற்கிறது. உடைமைப் பொருள் தரும் இச்சொல் தன்னை அடுத்து ஒரு பெயர்ச்சொல்லை எதிர்நோக்கும். சென்னையின் அணி, சென்னையின் வெற்றி, சென்னையின் வீரர் என எதனையும் சேர்த்துப் பொருள்கொள்ள இடம் தருவது இப்பெயரின் சிறப்பு.

தோல்வியில் தொடங்கிய பயணம்

சென்னையின் அணி 2015இல் ஒருமுறை வாகை சூடியது. அடுத்த ஆண்டே எட்டு அணிகளுள் ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. 2017இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் கிரகரி தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். போர்ச்சுகல் நாட்டின் ஹென்றிக் செரெனோ அணித்தலைவரானார். பிரேசிலின் மெயில்சன் ஆல்வெஸ், ரஃபேல் அகஸ்டோ, மிசோரத்தின் ஜெஜெ லால்பெக்லுவா, உத்தராகண்டின் அனிருத் தாபா எனப் பல நிலத்தவர் ஓரணியாயினர். அவர்களுள் ஒருவராக வியாசர்பாடியைச் சேர்ந்த தன்பால் கணேஷும் இடம்பெற்றார்.

2017 நவம்பர் 19 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் அணியின் தொடக்க ஆட்டம் நடைபெற்றது. எதிரணி கோவா. இடைவேளைக்கு முன்பே கோவா மூன்று கோல்கள் அடித்துவிட்டது. பிற்பாதியில் சென்னை இரண்டு கோல்களைத் திருப்பியபோதிலும் 2-3 எனத் தோற்றது. சொந்த மண்ணில், முதல் நாளிலேயே நேர்ந்த தோல்வி இது.

ஒற்றை ஆட்டம் எனில் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். பருவம் என்பதோ திருத்திக்கொள்ள இடம் தருவது. நான்கு நாள்களுக்குப்பின் அதே அரங்கில் வடகிழக்கு மாநிலங்களின் அணியைச் சென்னை 3-0 என வென்றது. பின்னர்ப் புனேயில் வெற்றி; முந்தைய பருவத்தின் வாகையரான கொல்கத்தா அணிக்கு எதிராகவும் வெற்றி. அடுத்து மும்பையில் தோல்வி. வெற்றியில் மயங்காமலும் தோல்வியில் ஒடுங்காமலும் அடுத்த ஆட்டத்திற்கு ஆயத்தமாவதே பருவம் கற்பிக்கும் முதல் பாடம்.

நடுக்களத்தின் உழைப்பாளி

கால்பந்தில் கோல் அடிப்பவரைக் கூட்டம் கொண்டாடும். கோலைத் தடுப்பவரைப் பாராட்டும். இவ்விருவர்க்கும் இடையே நின்று ஆடுபவர் பலவேளைகளில் கண்ணுக்குப் படுவதில்லை. தன்பால் கணேஷின் இடம் அதுவே. அவர் தற்காப்பு நடுக்கள வீரர்.

எதிரணியினர் பந்தோடு முன்னேறும்போது இடைமறித்தல், பின்களத்தினர்க்கு அரணாக நிற்றல், கைப்பற்றிய பந்தை உடனே தம் அணியினர்க்கு உரிய திசையில் அனுப்புதல் ஆகியன அவ்விடத்தின் பணிகள். கரைக்கு வரும் சரக்கை இறக்கி, இனம் பிரித்து, உரிய வண்டியில் ஏற்றிவிடும் துறைமுகத் தொழிலாளியின் பணியோடு இதனை ஒப்பிடலாம். சரக்கு உரிய இடம் சேர்ந்தபின் அதனை ஏற்றியவர் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. ஆயினும், அவர் ஒரு நாள் வரவில்லையெனில் துறைமுகம் முழுவதும் அதனை உணரும்.

அப்பருவத்தில் ஆடுகளத்தில் ஒரே நேரத்தில் ஓர் அணி ஐந்து அயல்நாட்டு வீரர்களையே பயன்படுத்தலாம் என்பது விதி. எஞ்சிய ஆறு இடங்களும் இந்தியர்க்கு உரியவை. எனவே, அயல்நாட்டு வீரர்கள் எவ்வளவு திறன் மிக்கவராயினும் இந்திய வீரர்களின் உறுதியின்றி எவ்வணியும் நெடுந்தொலைவு செல்ல இயலாது. உள்ளூர் மண்ணில் பந்தாடி வளர்ந்த ஒருவர்க்குக் கிடைத்த இடத்தின் மதிப்பு இதனால் விளங்கும்.

2017 டிசம்பர் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் அவ்வூர் அணியைச் சென்னை எதிர்கொண்டது. ஜெஜெ தொடக்கத்திலேயே கோல் அடித்துச் சென்னைக்கு முன்னிலை தந்தார். 85ஆம் நிமிடத்தில் இந்திய அணித்தலைவர் சுனில் சேத்ரி கோல் அடிக்க, ஆட்டம் சமனானது. சமனோடு முடியும் என்று தோன்றிய வேளையில், 88ஆம் நிமிடத்தில் தன்பால் கணேஷ் கோல் அடித்தார். சென்னை 2-1 என வென்றது. பிறர்க்குப் பந்தை அனுப்பியே பழகியவர், வேண்டிய பொழுதில் தாமே முடித்துவைத்தார்.

புள்ளிப் பட்டியலும் அரையிறுதியும்

பிப்ரவரியில் சென்னைக்கு வந்த பெங்களூரு 3-1 என வென்று பழைய தோல்விக்கு ஈடு செய்துகொண்டது. லீக் சுற்று முடிந்தபோது பெங்களூரு 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. சென்னை 9 வெற்றி, 5 சமன், 4 தோல்வி என 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. சமன் செய்த ஐந்து ஆட்டங்கள் தந்த ஐந்து புள்ளிகள் இங்கே கவனிக்கத்தக்கவை. மூன்றாம் இடம் பெற்ற கோவாவின் புள்ளிகள் 30. வெல்ல இயலாத நாளில் தோற்காமல் இருப்பதும் ஒரு திறனே என்பதைப் புள்ளிப் பட்டியல் உணர்த்துகிறது.

அரையிறுதியில் சென்னை மீண்டும் கோவாவையே சந்தித்தது. மார்ச் 10 அன்று கோவாவில் நடைபெற்ற முதல் ஆட்டம் 1-1 எனச் சமனில் முடிந்தது. சென்னைக்கான கோலை இளைஞர் அனிருத் தாபா அடித்தார். மார்ச் 13 அன்று சென்னையில் நடைபெற்ற இரண்டாம் ஆட்டத்தில் 26ஆம் நிமிடத்தில் ஜெஜெ ஒரு கோல் அடித்தார். மூன்றே நிமிடங்களில், 29ஆம் நிமிடத்தில், தன்பால் கணேஷ் இரண்டாவது கோலை அடித்தார். தாம் பிறந்து வளர்ந்த வியாசர்பாடியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவே உள்ள அரங்கில், அரையிறுதியில் அடித்த கோல் அது. இறுதி நிமிடங்களில் ஜெஜெ மேலும் ஒரு கோல் அடிக்க, சென்னை 3-0 என வென்று இறுதியாட்டத்திற்குத் தகுதி பெற்றது. தொடக்க நாளில் மூன்று கோல்கள் அடித்த அணிக்கு, அதே அரங்கில் ஒரு கோலும் கிட்டவில்லை. நான்கு மாத உழைப்பு ஏற்படுத்திய மாற்றம் அது.

வாகை சூடிய நாள்

2018 மார்ச் 17. இடம் பெங்களூரு கண்டீரவா அரங்கம். எதிரணி, அரங்கத்திற்கு உரிய பெங்களூரு. எட்டுப் புள்ளிகள் கூடுதலாகப் பெற்று லீக் சுற்றில் முதலிடம் வகித்த அணி அது. 9ஆம் நிமிடத்திலேயே சேத்ரி கோல் அடித்தார். அரங்கு அதிர்ந்தது.

சென்னை பதறவில்லை. 17ஆம் நிமிடத்தில், மூலையிலிருந்து உதைக்கப்பட்ட பந்தை மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். இடைவேளைக்குச் சற்று முன்னர் அதே முறையில் மீண்டும் ஒரு கோல் அடித்தார். தடுப்பதையே தொழிலாகக் கொண்ட பின்கள வீரர் ஒருவர் இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தது அரிய செயல். 67ஆம் நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலை அடித்தார். ஆட்டத்தின் கூடுதல் நிமிடங்களில் பெங்களூரின் மிகு ஒரு கோல் அடித்தபோதிலும் காலம் கடந்துவிட்டது. 3-2 என வென்று சென்னை இரண்டாம் முறையாக வாகை சூடியது. வாகையர் அணியில் வடசென்னையின் பெயரும் இருந்தது.

மீண்டும் சுழியம்

பருவத்தின் இறுதி நாள் எதனையும் நிலைபெறச் செய்வதில்லை. அடுத்த பருவம் தொடங்கும்போது வாகையர்க்கும் கடைசி இடத்தினர்க்கும் புள்ளி ஒன்றே, அது சுழியம். 2018-19 பருவத்தில் அதே சென்னை அணி 18 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று, 9 புள்ளிகளுடன் பத்தாம் இடத்தில், அதாவது கடைசி இடத்தில் முடித்தது. முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் தன்பால் கணேஷ் அப்பருவத்தில் ஆட இயலவில்லை. விளையாட்டைத் தொழிலாகக் கொண்டோர் வாழ்வில் உடலே முதலீடு, காயமே பேரிழப்பு. கோப்பையின் ஒளியில் இவ்வுண்மை மறைந்துவிடக் கூடாது.

அவ்வாறெனில், ஒரு பருவத்தின் வெற்றியால் எஞ்சுவது யாது? வடசென்னை என்றவுடன் வன்முறையையும் வறுமையையும் மட்டுமே காட்டும் வழக்கம் திரைப்படங்களிலும் பேச்சிலும் உண்டு. ஓர் ஊரின்மீது பிறர் ஒட்டும் பெயரை அவ்வூர் மக்களின் உழைப்பே மாற்றி எழுதும். முன்பு வேலைக்கான ஒதுக்கீட்டையே எல்லையாகக் கண்ட சிறுவர்க்கு, தம் தெருவில் ஆடியவர் நாட்டின் வாகையர் அணியில் இடம்பெற்றது புதிய எல்லையைக் காட்டியது. புள்ளிப் பட்டியல் ஆண்டுதோறும் அழிக்கப்படும். அந்த நம்பிக்கை அழிவதில்லை. வியாசர்பாடியின் திடல்களில் ஒவ்வொரு மாலையும் பந்து உருள்கிறது. அங்கே ஆடுவோர்க்கும் கணக்கு சுழியத்திலிருந்தே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் தொழில் அல்லது வாழ்க்கைமுறை காரணமாக வேரூன்றிய விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

2. ‘வெல்ல இயலாத நாளில் தோற்காமல் இருப்பதும் ஒரு திறனே’ என்னும் கருத்தைப் பாடத்தில் உள்ள புள்ளிக் கணக்கைக் கொண்டு விளக்குக.

3. விளையாட்டு ஒதுக்கீட்டில் பெறும் நிலையான பணி, ஒப்பந்த அடிப்படையிலான தொழில்முறை ஆட்டம் ஆகிய இரண்டின் நன்மை தீமைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.