கொழும்பு செல்வோர் எங்கே தங்குவது?

கொழும்புக்குப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் நிச்சயமாவது புறப்படும் நாள், அடுத்தது வண்டி, அதன்பின் கட்டிக்கொண்டு போகும் பலகாரம். எங்கே தங்குவது என்பதோ பெரும்பாலும் கடைசி நேரத்திலேதான் எழும் கேள்வி. “எங்கேயாவது மலிவாக ஓர் அறை கிடைக்காமலா போகும்?” என்று சொல்லிவிடுகிறோம். ஆயினும், போன கருமம் இலகுவில் முடிவதும் முடியாமற் போவதும் பல சமயங்களில் இந்தக் கடைசிக் கேள்விக்கு நாம் காணும் விடையிலேயே தங்கியிருக்கின்றது.

தங்குமிடத்தை வாடகையைக் கொண்டு அளப்பது பொது வழக்கம். போகும் காரியத்தைக் கொண்டு அளப்பதே முறையாகும். அதிலும், கூடச் செல்வோருள் உடல் நலங் குன்றியவர் யார், மறுநாட் காலையில் தெளிந்த மனத்தோடு இருக்க வேண்டியவர் யார் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற இடத்தையே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

நகரின் அமைப்பு

கொழும்பு மாநகரம் கடலோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. தபாற் பகுதிகள் 1 முதல் 15 வரை இலக்கமிடப்பட்டிருக்கின்றன. கோட்டை 1, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6, கறுவாத்தோட்டம் 7, பொரளை 8, மருதானை 10, புறக்கோட்டை 11, புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13. விலாசத்தின் ஈற்றிலுள்ள இந்த இலக்கத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால், நகரின் எப்பாகத்துக்குப் போகிறோம் என்பது உடனே விளங்கிவிடும்.

கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் புகையிரதப் பாதை கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று கடலை ஒட்டியே போகின்றது. காலி வீதியும் ஏறத்தாழ அதனோடு இணையாகச் செல்கின்றது. ஆகவே இவ்வூர்களில் தங்குவோருக்கு வடக்குத் தெற்காகப் போய்வருதல் எளிது. கிழக்கே உள்நோக்கிப் போவதுதான் சிரமம். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டாலே பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

காரியமும் இடமும்

தமிழர் என்றால் வெள்ளவத்தை என்பது நம்மிடையே நிலைத்துவிட்ட எண்ணம். யாழ்ப்பாணத்து இரவு பஸ்கள் அங்கே வந்து நிற்கின்றன. சைவ உணவுச்சாலைகள் இருக்கின்றன. நம் மொழியிற் பேசிப் பொருள் வாங்கலாம். இவையெல்லாம் உண்மையே. ஆனால் மகரகமவிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குத் தாயாரை நாள்தோறும் அழைத்துச் செல்ல வேண்டிய ஒருவர் வெள்ளவத்தையில் அறை எடுத்தால், நோயாளியின் பாடு என்னாகும்? காலி வீதியில் ஓடும் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் மகரகமவுக்குப் போவதில்லை. இடையில் இறங்கி மாறியேற வேண்டும். புறக்கோட்டையிலிருந்து ஹைலெவல் வீதி வழியாகச் செல்லும் 138 ஆம் இலக்க பஸ்ஸோ கிருலப்பனை, நுகேகொடை ஆகிய இடங்களைக் கடந்து மகரகமவை அடைகின்றது. அந்த வழியில், வைத்தியசாலைக்குக் கூடிய அளவு கிட்டிய இடமே அத்தாய்க்கு ஏற்றது. சிகிச்சை முடிந்து களைத்து வருபவருக்கு முக்கால் மணி நேரப் பயணங் குறைவது சிறு நன்மையன்று.

தேசிய வைத்தியசாலைக்கும் குழந்தைகளுக்கான ரிட்ஜ்வே சீமாட்டி வைத்தியசாலைக்கும் செல்வோர் மருதானை, பொரளைப் பக்கங்களைப் பார்க்கலாம். வழக்குக்காக வருவோருக்குப் புதுக்கடைக்கு அண்மையிலுள்ள கொட்டாஞ்சேனை வசதி. தூதரகங்கள் பலவும் கொள்ளுப்பிட்டியிலும் கறுவாத்தோட்டத்திலும் இருப்பதால், அவ்வலுவலாக வருவோர் காலி வீதியில் எங்கே தங்கினாலும் குறையில்லை. கடவுச்சீட்டுத் தலைமை அலுவலகமோ நகர எல்லைக்கு அப்பால் பத்தரமுல்லையில் இருக்கின்றது. கொள்ளுப்பிட்டியிலிருந்து கடுவெலைக்குச் செல்லும் 177 ஆம் இலக்க பஸ் அவ்வூர் வழியே போகும். ஆனால் கடவுச்சீட்டுக்கு வவுனியாவிலும் கிளை அலுவலகம் உண்டு. கொழும்புக்கு வரத்தான் வேண்டுமா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வது நன்று. அதிகாலை விமானத்திற் செல்வோர் கொழும்பில் தங்கி நள்ளிரவில் கட்டுநாயக்காவுக்கு ஓடுவதிலும், முதல் நாளே நீர்கொழும்பில் தங்குதல் நிம்மதி தரும்.

வாடகை மட்டும் செலவன்று

மலிவான அறை தொலைவில் இருந்தால், மூவர் நாள்தோறும் இருமுறை போய்வரும் கட்டணத்தை அந்த வாடகையோடு கூட்டிப் பாருங்கள். பஸ் தவறி முச்சக்கர வண்டி பிடிக்கும் நாட்களையும் சேருங்கள். சமைக்க இடமில்லாத அறையானால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. இத்தனையையும் கூட்டியபின், கிட்டத்தில் இருந்த கூடிய வாடகை அறையே மலிவாகத் தோன்றினாலும் வியப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. வடக்கிலிருந்து வரும் இரவு வண்டிகள் விடியற்காலையில் கொழும்பை அடைகின்றன. பெரும்பாலான விடுதிகளில் அறை கிடைப்பதோ நண்பகலுக்குப் பின்னர்தான். காலை எட்டு மணிக்குப் பரீட்சைக்கோ நேர்முகத்துக்கோ போகும் மாணவன், வீதியில் முகங்கழுவி உடைமாற்றும் நிலைக்கு ஆளாகலாமா? “விடியற்காலையில் வந்தால் அறை கிடைக்குமா? அதற்கு மேலதிகம் எவ்வளவு?” என்று முன்பே தொலைபேசியிற் கேட்டுக்கொள்ளுங்கள். முடியுமானால் முதல் நாட் பகலிலேயே வந்து, பரீட்சை மண்டபத்தை ஒரு முறை பார்த்துவிட்டு உறங்குதல் சாலச் சிறந்தது.

உறவினர் வீடா, விடுதியா?

1956 ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தில், கொழும்பில் உத்தியோகம் பார்த்த மாமாவின் வீடோ சித்தப்பாவின் வீடோதான் பலருக்குத் தங்குமிடம். 1983 ஆம் ஆண்டின் வன்செயல் அத்தகைய வீடுகள் பலவற்றை இல்லாமற் செய்தது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவையும் நின்றது. பின்னர் விடுதிகளே பலருக்குப் புகலாயின. அங்கும் நிம்மதி இருக்கவில்லை. 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூறுக்கும் மேற்பட்டோர், தங்குவதற்குத் தக்க காரணம் இல்லையென்று கூறப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை நிறுத்துமாறு இடைக்கால உத்தரவிட்டது. 2014 இல் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. தங்குமிடம் என்றதும் நம் முதியோர் இன்றும் விலையைக் கேட்குமுன் “அங்கே பயமில்லையா?” என்று கேட்பதற்குக் காரணம் இதுவே. அக்கேள்வியை இளைஞர் நகையாடலாகாது.

உறவினர் வீட்டில் தங்குவதில் அன்பும் உண்டு, பாரமும் உண்டு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது பழமொழி. இன்றைய கொழும்பில் பலர் வாழ்வது இரண்டறைத் தொடர்மாடி வீட்டில். இரண்டொரு நாட் காரியமானால் உறவினர் வீடு. வாரக்கணக்கில் ஆகும் சிகிச்சையானால் சமையலறையோடு கூடிய தனி அறை. ஒருநாட் பகலுணவுக்கு மட்டும் உறவினரிடம் போவது. இவ்வாறு வகுத்துக்கொண்டால் உறவும் கெடாது, கருமமும் கெடாது.

அறையைப் பார்க்கும் முறை

பணங் கொடுக்குமுன் அறையை நேரிற் பாருங்கள். முதியோருக்குக் கீழ்த்தளம் கிடைக்குமா? மேல்மாடியானால் மின்தூக்கி ஓடுகின்றதா? குழாயைத் திறந்து பாருங்கள். சன்னலைத் திறந்து பாருங்கள். கடற்பக்க அறை காற்றோட்டமானது. ஆனால் புகையிரத ஓசை விடியும் முன்பே எழுப்பிவிடும். காலிவீதிப் பக்கத்து அறையில் வாகன இரைச்சல் அடங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒழுங்கைக்குள் இருக்கும் வீடு நித்திரைக்கு நல்லது.

நுளம்பை அலட்சியஞ் செய்யாதீர்கள். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமானோர் டெங்கு நோய்க்கு ஆளாயினர் எனக் கணக்கிடப்பட்டது. அந்நுளம்பு பெரும்பாலும் பகலிலே கடிப்பது. எனவே பகலில் உறங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் நுளம்பு வலை அவசியம். பூச்சாடித் தட்டிலோ முற்றத்திலோ நீர் தேங்கி நிற்கும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். வாயிற் கதவு இரவில் எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று கேளுங்கள். தேசிய அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

ஆழமறிந்து காலை விடு என்றார்கள் நம் பெரியோர். அடுத்த முறை கொழும்புக்குப் புறப்படுமுன், குடும்பத்தார் எல்லோரும் அரைமணி நேரம் கூடியிருந்து, எதற்காகப் போகிறோம், யாருக்காகப் போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தங்க வேண்டிய இடத்தின் பெயர் அதன் அடியிலே தானாக வந்து சேரும்.